பூனை ஏறிய தராசு

எமலோகத்தில் பாவ புண்ணியம் நிறுக்கிற தராசு என்றைக்காவது கோணிக்கொண்டால், எமன் ஆளனுப்பிக் கூப்பிடுவது எங்கள் ஆனையூர் ரேஷன் கடை சோணைமுத்து அண்ணனைத்தான். அண்ணன் போய்த் தட்டை ஊதி, முள்ளை ஒரு சுண்டு சுண்டினால் எல்லாம் நேராகிவிடும். இமயமலையை ஒரு தட்டிலும் யானைமலையை மறு தட்டிலும் ஏற்றி, யானைமலைதான் கால் கிலோ கூடுதல் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். காட்டில் இருக்கிற புலி, சிறுத்தை எல்லாம் விடியக்காலை பஸ் பிடித்து வந்து அவர் கையால் பேன் எடுத்துக்கொண்டு போகும். டிக்கெட்கூட எடுக்காது. பொய் என்று நினைக்கிறவர்கள் கார்டை எடுத்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வாருங்கள். உங்கள் கல்லைத் தூக்கிக் கடைசியில் வைத்துவிடுகிறேன்.

கல் என்று சொன்னது வரிசைக் கல்லை. எங்கள் ரேஷன் கடையில் ஆள் நிற்பதில்லை, கல் நிற்கும். காலையில் வந்து ஒரு செங்கல்லையோ, ஓட்டை வாளியையோ, அறுந்த செருப்பையோ வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைப்பார்கள். கடை திறந்ததும் ஓடி வந்து அவரவர் கல்லுக்குப் பின்னால் நிற்பார்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்ட பிறகு அந்தக் கல்லுக்கெல்லாம் நான்தான் காவல். காவல்காரனே திருடுவான் என்பது அவர்களுக்கும் தெரியும். முன்னால் இருக்கிற கல்லைப் பின்னால் வைத்துவிட்டு, நடக்கிற சண்டையை எதிர் மதிலில் உட்கார்ந்து பார்ப்பேன். ஜெயக்கொடி அக்கா என்று ஒருத்தி, எங்கள் தெருக் கடைசி வீட்டுக்காரி, அவள் கல்லைத்தான் அதிகம் நகர்த்துவேன். அவள் வாய் அப்படி. அவள் திட்ட ஆரம்பித்தால் டீக்கடை ரேடியோவை அமர்த்திவிட்டுக் கேட்பார்கள்.

அந்தக் கடையில் இரண்டு பேர். பில் போடுகிறவர் வெங்கடேஷ்பாபு சார். பட்டுநூல்காரர், வீட்டில் சௌராஷ்டிரா பேசுவார். எங்களைத் தமிழில் திட்டுவார். தமிழ் பத்தாதபோது வீட்டு பாஷைக்குப் போய்விடுவார். அர்த்தம் தெரியாவிட்டாலும் நன்றாக உறைக்கும். இன்னொருவர் எடை போடுகிற சோணைமுத்து அண்ணன். பேரையூர்ப் பக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி, எப்போதும் தலையில் அரிசித் தூசி. யாரிடமும் சிரிக்க மாட்டார். அரிசியை அள்ளித் தட்டில் எறிந்து, முள் ஆடி அடங்குவதற்கு முன்னாலேயே பையில் கொட்டிவிடுவார். அதனால் ஊருக்குள் அவர் பெயர் சோணைமுத்து இல்லை, ‘அரைக்கல்லு’. எல்லாருக்கும் அரைக் கிலோ குறையும் என்று அர்த்தம். அவர் தெருவில் போனால் சின்னப் பிள்ளைகள்கூடப் பின்னாலிருந்து அப்படிக் கூப்பிட்டுவிட்டு ஓடும். சொல்லிக்கொடுத்தது யாரென்று இப்போது எதற்கு?

அந்தக் கடைக்கு எலிதான் முதல் கார்டுதாரர். மூட்டை இறங்கிய அன்றே கடித்துவிடும். தின்கிற தானியம் இருக்கிற இடத்தில் மருந்து வைக்க முடியாது. எலிப்பொறியை எலிகள் படித்து முடித்துவிட்டன. அப்போதுதான் பூனைகள் தாமாகவே வந்தன. பின்பக்கச் சுவரில் ஒரு காரை பெயர்ந்த சந்து உண்டு. அது வழியாக வரும், போகும். ஒன்று செம்மஞ்சள், ஒன்று கோதுமை நிறம், ஒன்று அழுக்கு வெள்ளை, ஒன்று கறுப்பு. நான்தான் பெயர் வைத்தேன்: பாமாயில், கோதுமை, சீனி, சீமெண்ணெய்.

“பேரு வைக்காதடா வெளங்காதவனே,” என்றார் அண்ணன்.

“ஏண்ணே?”

“பேரு வச்சா, செத்தா அழுகணும்.”

அப்படிச் சொன்னவர்தான் கண்மாய் ஜிலேபி மீன் தலைகளை மீன்காரியிடம் கேட்டு வாங்கி, டால்டா டப்பா மூடியில் வைப்பார். பூனைகள் அவரை ஒன்றும் கொஞ்சவில்லை. இரண்டு எட்டு கிட்டப் போனால் சீறும். பாமாயில் மட்டும் அவர் காலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, பிறகு அதற்காக வெட்கப்பட்ட மாதிரி ஓடும்.

சித்திரை மழை பெய்து புழுங்கின பிறகு கடையில் தெள்ளுப்பூச்சி பிடித்தது. வரிசையில் நிற்கிற பெண்கள் ஒரு காலில் நின்று மறு காலைச் சொறிந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கொக்குக் கூட்டம்.

“அரிசி கொறையுது, சீனி கொறையுது, பூச்சிய மட்டும் அள்ளி அள்ளிக் குடுக்குறாய்ங்கப்பா!” என்றாள் ஜெயக்கொடி அக்கா. “இம்புட்டுத் தடிப்பு பாரு. எம் மக ராத்திரி பூரா தூங்கல.”

“பூனைதான் காரணம்,” என்றார் வெங்கடேஷ்பாபு சார், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு. பூனை முடி வயிற்றுக்குள் போனால் இழுப்பு வரும் என்பது அவர் நம்பிக்கை. “சோணைமுத்து, கேட்டுக்க. அடுத்த மண்ணெண்ணெய் லோடு வர்றதுக்குள்ள பூச்சி போகணும். இல்லாட்டி பூனைக போகும். சாக்குல கட்டித் திருமங்கலத்துக்கு அங்கிட்டுப் பொட்டல்ல விட ஆள் பாத்து வச்சிட்டேன்.”

“பாமாயில் குட்டி போட்டிருக்கு சார்,” என்றேன் நான், எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிற சந்தோஷத்தில்.

“குட்டியோடதான் கட்டுவாங்க.”

சோணைமுத்து அண்ணன் உள்ளே போய்க் குனிந்து பார்த்தார். கோதுமை மூட்டைகளுக்குப் பின்னால் மூன்று குட்டிகள் கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தாய் மேலே பூச்சி மொய்த்து, குட்டிகளின் காதெல்லாம் வெளிறிக் கிடந்தன. பூச்சி குடிக்கிற ரத்தத்திலேயே குட்டி செத்துப்போகும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் அவர் சைக்கிளை எடுத்தார். மாட்டாஸ்பத்திரிக்கு என்றார். “சிரிக்கிறதுக்கு ஒரு ஆள் வேணாமாண்ணே?” என்று கேரியரில் ஏறிக்கொண்டேன். அவர் மடியில் ஒரு சின்னப் பாட்டில். ஊரில் ஆட்டுக்கு உண்ணி பிடித்தால் தண்ணீரில் கலந்து முக்கி எடுக்கிற மருந்து. அவர் பக்கத்து ஊர்களில் எல்லா வீட்டு எரவாணத்திலும் அது இருக்குமாம்.

“இதைக் கலந்து பூனைகளை ஒரு முக்கு முக்கிரவா டாக்டர்?” என்று அவர் கேட்டதும் டாக்டர் பாட்டிலைப் பிடுங்கி மேசைக்குள் வைத்துவிட்டார்.

“முக்கியிருந்தா சாயங்காலம் குழிதான் தோண்டியிருப்ப. ஆடு தன் மேல பட்டதை நக்குமாய்யா? பூனை நாள் பூரா தன்னைத்தானே நக்கும். அதுக்கு மேல தடவுறது எதுவா இருந்தாலும் வாய்ல ஊத்துற மாதிரி. ஆட்டு மருந்து, நாய்ப் பவுடர், எறும்புப் பவுடர், பினாயில், எதுவும் ஆகாது.”

“அப்ப பூச்சி எப்படிப் போகும்?”

“பேன் சீப்பு இருக்குல்ல, அதால வாரு. சீப்பைச் சோப்புத் தண்ணியில முக்கு, பூச்சி செத்துரும். பூனை மேல இருக்குறது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் அது படுக்குற சாக்குல, தரை வெடிப்புல முட்டையா, புழுவாக் கிடக்கும். சாக்கைக் கொதிக்கிற தண்ணியில போட்டு வெயில்ல காயவை. தினமும் மூலை முடுக்கெல்லாம் கூட்டி, குப்பையை எரிச்சிரு. பூச்சியத் தின்னுருந்தா வயித்துல நாடாப்புழு இருக்கும். அதுக்கு மாத்திரை தாரேன். பெரிய பூனை ஒவ்வொண்ணும் என்ன நிறை?”

அண்ணன் முழித்தார்.

“நிறை தெரியாம மாத்திரை குடுக்க முடியாதுய்யா. கொறஞ்சா புழு சாகாது, கூடுனா பூனை சாகும். என்ன வேலை பாக்குற?”

“ரேஷன் கடையில எடை போடுறேங்க.”

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் வீட்டுக்கும் கார்டு இருக்கும் போல. “நிறுத்துட்டு வா,” என்றார். “சரியா நிறு.”

அன்றிலிருந்து அண்ணன் கடைக்குச் சீக்கிரம் வர ஆரம்பித்தார். தொடாதே என்கிற பூனையை எப்படி வாருவது? பேன் சீப்பை ஒரு நீள மூங்கில் குச்சியின் முனையில் கட்டினார். பூனை மீன் தலையில் வாயை வைத்திருக்கும்போது, தூரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, குச்சியை நீட்டிக் கழுத்தில் ஒரு இழுப்பு. பூனை திரும்பிச் சீறும். குச்சி சும்மா கிடக்கும். மறுபடி தின்னும். மறுபடி ஒரு இழுப்பு. கண்மாயில் தூண்டில் போடுகிறவனுக்கு இருக்கிற பொறுமை. பக்கத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணம். அதில் கடுகு தாளித்த மாதிரி பூச்சி மிதக்கும். நான் மதிலில் உட்கார்ந்து, “அண்ணே, வகிடு எடுத்து ரெட்டைச் சடை போட்டு விடுங்க,” என்பேன். “உனக்கு வாருனா கிண்ணம் பத்தாதுடா,” என்பார், திரும்பாமலே.

நிறுத்ததைத்தான் சொல்ல வந்தேன். ஷட்டரில் துருப்பிடித்த ஓட்டை ஒன்று உண்டு. அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அரிசித் தட்டுக்கு மேலே பழைய பேப்பரை விரித்து, பேப்பர் மேலே மீன் தலை. தராசை இறக்கித் தரையோடு வைத்திருந்தார். மறு தட்டில் எடைக்கல். பாமாயில் மோந்து பார்த்து, யோசித்து, கடைசியில் ஏறியது. தட்டு கீழே போய்த் தரையில் முட்டியது. அண்ணன் மூச்சு விடவில்லை. எங்கள் அரிசியை வீசி எறிகிற அதே கை, ஐம்பது கிராம் கல்லை இரண்டு விரலால் எடுத்து, சத்தமே இல்லாமல் மறு தட்டில் வைக்கிறது. முள் ஆடுகிறது. காத்திருக்கிறார். இன்னொரு கல். முள் ஆடி, ஆடி, அடங்குகிறது. மீன் தலைக்கும் பேப்பருக்கும் கழித்தார். பிறகு பிளேடை எடுத்து, அட்டையில் மாத்திரையை வைத்து, கட்டி நகை அறுக்கிற ஆசாரி மாதிரி அறுத்தார். தூளாகச் சிந்தினதையும் ஒற்றி எடுத்து மீனுக்குள் திணித்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? “அண்ணே!” என்று ஷட்டருக்கு வெளியே இருந்து கத்தினேன். “எங்களுக்கும் இப்படி ஒரு நாளைக்கு நிறுக்கக் கூடாதா?”

பூனை தாவி ஓடியது. அவர் ஷட்டரைத் தூக்கி என் காதைப் பிடித்து உள்ளே இழுத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னார்.

“எங்க தாத்தன் களத்துல கூலி வேலை. கூலி நெல்லு அளக்குற மரக்கா இருக்குல்ல, அதுல அடியில மெழுகு ஊத்தி வச்சிருப்பாய்ங்க. கொறஞ்ச மரக்கா. தெரியும். தெரிஞ்சாலும் கேக்க முடியாது. கேட்டா மறுநா வேலை இல்லை. இந்த வேலை கெடைச்சப்ப எங்கப்பன் சொன்னாரு, நீயாவது நேரா அளடான்னு.” தட்டிலிருந்த பேப்பரைச் சுருட்டினார். “இங்க வந்தா மூட்டையே கொறஞ்சு வருது. மேல கொறைக்கிறாய்ங்க, கீழ நான் கொறைக்கிறேன். நடுவுல ஒரு மணி நான் திங்கல. ஆனா ஊரு என்னையத்தான் சொல்லும். பூனைக்கு யாரும் மேலயிருந்து கொறைச்சு அனுப்பல. அதுக்காவது நேரா நிறுத்துக்கிறேன்டா.”

இதற்கு ஒரு நல்ல கிண்டல் என்னிடம் இருந்தது. அன்றைக்குச் சொல்லவில்லை.

சாக்கெல்லாம் அண்டாவில் வெந்து வெயிலில் காய்ந்தன. தரை வெடிப்பில் சிமெண்டுப் பால் ஊற்றினார். தினமும் கூட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக வரிசையில் கொக்குகள் குறைந்தன. எல்லாரும் இரண்டு காலில் நின்றார்கள். குட்டிகளின் காதில் ரத்தம் ஏறி, மூட்டைக்கு மூட்டை குதித்து விளையாட ஆரம்பித்தன. வெங்கடேஷ்பாபு சாரே மூக்கிலிருந்து துண்டை எடுத்துவிட்டு, “பரவாயில்லையே,” என்றார்.

மண்ணெண்ணெய் லோடு வந்தது. அண்ணன் ஜெயித்த நாள். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. அரிசித் தூசியில் சரியாகத் தெரியவில்லை.

ஜெயக்கொடி அக்கா கேனை நீட்டினாள். அன்றைக்கு அவளும் நல்ல மனநிலையில் இருந்தாள். நான் அவள் கல்லை நகர்த்தவில்லை, அதனாலும் இருக்கலாம்.

“பூச்சி கொறஞ்சிருச்சேண்ணே. எம் மக நல்லாத் தூங்குறா.”

“ம்.”

“ஒரு மடக்கு சேத்து ஊத்துண்ணே. மககாரி தலையெல்லாம் பேனு. நாலு சொட்டுத் தடவுனா ஒரே நாள்ல போயிரும்.”

இதைக் கேட்டால் அவர் வழக்கமாக, “வீட்டுலருந்து கொண்டாந்து ஊத்தவா?” என்பார். அன்றைக்கு அளவைக் குவளையில் இன்னும் கொஞ்சம் மொண்டு அவள் கேனில் ஊற்றினார். வரிசையே வாயைப் பிளந்தது. ‘அரைக்கல்லு’ கூடுதலாக ஊற்றியதை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

அன்று மதியம் எனக்கும் ஒரு வேலை இருந்தது. மறுநாள் வெங்கடேஷ்பாபு சாருடைய சாப்பாட்டுப் பைக்குள் ஒரு பூனைக்குட்டி இருந்தால் அவர் எந்த பாஷையில் கத்துவார் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். மூன்றில் சின்னதான வெள்ளைக் குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். காலையில் கொண்டுவரத் திட்டம்.

காலையில் வந்தபோது ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. ஜெயக்கொடி அக்கா வெளியே நின்று உள்ளே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் பெருமை.

“நேத்துச் சாயங்காலம் உன் மஞ்சப் பூனை எங்க வீட்டுக்கு மீன் நாத்தத்துக்கு வந்துச்சுண்ணே. கழுத்துல இன்னும் ரெண்டு பூச்சி ஓடுச்சு. பாவமா இருந்துச்சு. நீ ஊத்துனல்ல, மிச்சம் இருந்துச்சு. துணியில நனைச்சு, மேலெல்லாம் நல்லாத் தடவி விட்டேன். எம் மகளுக்கும் தடவுனேன், அதுக்கும் தடவுனேன். இனி ஒரு பூச்சி இருக்காது பாரு!”

அண்ணன் கையில் சீப்புக் குச்சி இருந்தது. அதை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“வயித்துலயும் தடவுனியா தாயி?”

“அங்கனதான்ணே பூச்சி அதிகம்.”

அவர் கோதுமை மூட்டைக்குப் பின்னால் போனார். நானும் போனேன். மண்ணெண்ணெய் வாடை. பாமாயில் வாயில் நுரையோடு, மூச்சை இழுத்து இழுத்துக் கிடந்தது. ராத்திரி பூரா தன்னை நக்கி நக்கிச் சுத்தம் பண்ணியிருக்கிறது. நாக்கு வெந்திருந்தது. வயிற்றில் தோல் சிவந்து உரிந்திருந்தது. பால் குடித்த இரண்டு குட்டிகளும் அதே வாடையோடு, காய்ந்துபோன துணி மாதிரி கிடந்தன. அவை ஏற்கெனவே செத்திருந்தன.

அவர் தாயைச் சாக்கில் ஏந்தினார். முதல் முறையாக அது அவரைக் கீறவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, சைக்கிளில் பின்னால் என்னை உட்காரவைத்து, என் மடியில் அதை வைத்து மிதித்தார். பூனை நடுங்கியது என் தொடைக்குத் தெரிந்தது. மாட்டாஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் பார்த்துவிட்டு, “நேத்தே கழுவிக் கொண்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்,” என்றார். அப்போதே நடுக்கம் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதைத்தோம். “சொல்லிருங்கண்ணே,” என்றேன். “அந்தக்கா தடவுனதுதான்னு சொல்லிருங்க.”

“எதுக்கு? அவ என்ன, கொல்லணும்னா தடவுனா? மகளுக்குத் தடவுன கையாலதான தடவுனா.” கையிலிருந்த மண்ணைத் தட்டினார். “ஊத்துனது நான். வேலைக்குச் சேந்ததுலருந்து ஒருத்தருக்குக்கூட ஒரு சொட்டு கூடுதலா ஊத்துனதில்லை. அன்னைக்குத்தான் ஊத்துனேன்.”

கடைக்குத் திரும்பினதும் ஜெயக்கொடி அக்கா ஓடிவந்தாள். “என்னண்ணே ஆச்சு பூனைக்கு?”

“வயசாயிருச்சு,” என்றார்.

இரண்டு வயதுகூட ஆகாத பூனை. அவள் அவரையே பார்த்தாள். நம்பவில்லை. குட்டிகளும் செத்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். குட்டிக்குமா வயதாகும்? அவள் வீட்டுக்குப் போகிற வழியிலேயே கணக்கைப் போட்டுவிட்டாள். ரேஷன் கடைக்குள்ளேயே கிடக்கிற பூனை, குட்டியோடு ஒரே நாளில் செத்தால், அரிசியில் ஏதோ இருக்கிறது.

“மருந்தடிச்ச அரிசியப் போடுறாய்ங்கடி! தாய்ப்பூனையும் குட்டியும் சுருண்டு செத்துக் கெடக்கு. கேட்டா வயசாயிருச்சுங்குறான் அரைக்கல்லு. மறைக்கிறான்!”

அவள் வாயைப் பற்றி முன்னாலேயே சொன்னேன். அன்று மாலைக்குள் ஆனையூரில் பாதி வீடு அரிசியைக் கோழிக்குப் போட்டது. கோழி நன்றாகத்தான் இருந்தது. அதை யாரும் பேசவில்லை. வரிசையில் இருந்த கல்லெல்லாம் ஷட்டர் மேலே வந்து விழுந்தது. மேலேயிருந்து ஒரு ஆபீசர் ஜீப்பில் வந்தார்.

விசாரணை கடை வாசலில் நடந்தது. நான் மதிலில். ஜெயக்கொடி அக்கா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில்.

“பூனை எப்படிய்யா செத்துச்சு?” என்றார் ஆபீசர்.

அண்ணன் ஜெயக்கொடி அக்காவை ஒரு தடவை பார்த்தார். அந்தச் சின்னப் பிள்ளையின் தலையைப் பார்த்தார். படிய வாரி முடிந்து, எண்ணெய் மினுங்க இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் ஊர் சிரித்திருக்கும்; அரிசி அரிசியாகியிருக்கும்; அவருக்கு வேலை நின்றிருக்கும். ‘பூனையைக் கொன்னவ’ என்று அவளுக்கு ஒரு பெயர் வந்திருக்கும். எங்கள் ஊர் வைத்த பெயரைச் சாகிற வரைக்கும் எடுக்காது. அது அவருக்குத் தெரியாதா?

“தெரியலைங்க,” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். மூடிக்கொண்டேன்.

“பூனையை அரிசித் தட்டுல வச்சு நிறுப்பான் சார்,” என்றார் வெங்கடேஷ்பாபு சார், தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டு. “நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன்.” அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பேப்பர் விரித்துத்தான் நிறுத்தார் என்பதை யாரும் கேட்கவில்லை. பெண்கள் “சீ” என்றார்கள். அதோடு முடிந்தது. பேரையூருக்கும் உள்ளே தள்ளி, அவர் சொந்த ஊர்க் கடைக்கே மாற்றல். “சொந்த ஊருதானே, சந்தோஷமாப் போ,” என்றார் ஆபீசர். பெரிய மனசு.

“நல்லதுதானேண்ணே?” என்றேன்.

“எங்க ஊருல தெருவுக்கு ஒரு வரிசைடா. நான் அளந்தா, எங்க தாத்தனுக்குக் கூலி அளந்த வீட்டு வரிசையில ஆளே நிக்காது,” என்றார்.

அவர் மாற்றலாகிப் போன அதே வாரம் கோதுமை, சீனி, சீமெண்ணெய் மூன்றையும் வலை போட்டுப் பிடித்துச் சாக்கில் கட்டினார்கள். டெம்போ திருமங்கலம் பக்கம் போனது. சாக்கு அசைந்துகொண்டே போனது. அதற்குப் பிறகு எலிகளுக்குத் திருவிழா. இப்போது அரிசியில் எலிப் புழுக்கை கிடக்கிறது என்று ஜெயக்கொடி அக்கா கத்துகிறாள். “அந்த அரைக்கல்லு இருந்தப்பவாவது சுத்தமா இருந்துச்சு,” என்கிறாள். இதைக் கேட்டு மதிலிலிருந்து விழுந்து உருண்டு சிரிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

நான் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போன வெள்ளைக்குட்டி என்ன ஆனது என்று கேட்பீர்கள். அது அன்றைக்கே ஓடிப்போய்விட்டது. பூனைதானே. எனக்கும் பூனைக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு? நானே வீட்டில் தண்டச்சோறு.

நேற்று சோணைமுத்து அண்ணன் வந்தார், வாடகை அறையில் கிடந்த டிரங்குப் பெட்டியை எடுத்துப்போக. இன்னும் இளைத்திருந்தார். தலையில் தூசி இல்லாமல் அவரைப் பார்ப்பது யாரையோ பார்ப்பது போலிருந்தது. பெட்டியைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் நான்தான் தூக்கினேன்.

“அந்தச் சின்னக் குட்டி என்னாச்சுடா?” என்றார்.

“ஓடிப்போச்சுண்ணே. அன்னைக்கே.”

“ம்.” பஸ் வருகிறதா என்று பார்த்தார். “எங்கனயாச்சும் செத்திருக்கும். தாயில்லாத குட்டி. மூணுல அதுதான் சவலை. இருந்திருந்தாலும் முந்நூறு கிராம் தேறாது.”

“யாரு சொன்னா முந்நூறுன்னு?” எனக்குச் சுரீர் என்றது. “நேத்துக் காலையில நிறுத்தேன். அறுநூத்தம்பது!”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி என் சட்டைப் பையிலிருந்து பேன் சீப்பை உருவினார். பல்லில் சிக்கியிருந்த வெள்ளை முடியை ஊதினார்.

“எந்தத் தராசுல நிறுத்த?”

“பழைய பேப்பர் கடையில,” என்றேன் தரையைப் பார்த்து.

“அவன் கல்லு கள்ளக்கல்லு. வாங்குறவனாச்சே, கொறைச்சுத்தான் காட்டும். குட்டி எழுநூறு இருக்கும்.” சீப்பை என் பையிலேயே திரும்பச் செருகினார். “எழுநூறுன்னே டாக்டர்ட்ட சொல்லி மருந்து வாங்கு. என்ன பேரு வச்சிருக்க?”

“பேரெல்லாம் வைக்கலண்ணே.”

“பொய்யி,” என்றார். பஸ் வந்துவிட்டது.